ராம்ப்ளிங் சிட் ரம்போ: அகராதியில் இல்லாத பாட்டுக்காரர்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு, சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



போன முறை ஏ பிளாக் டாக்டர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய முறை மழைநீர் சேகரிப்பு. இரண்டும் உபயோகமான விஷயங்கள். இன்றைக்கு நான் பேசப்போவது யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாதது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வருஷத்துக்கு முன் லண்டன் ரேடியோவில் பாடிய ஒரு நாட்டுப்புறப் பாடகரைப் பற்றிப் பேசப்போகிறேன். அப்படி ஒரு பாடகர் உண்மையில் கிடையாது. அவர் பாடிய தொழில்கள் கிடையாது. அவர் பயன்படுத்திய சொற்களில் பாதி எந்த அகராதியிலும் கிடையாது.

தலைப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் நம் கலை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் போன் செய்தார். "சார், யூட்யூப்ல போட்டுக் கேட்டேன். கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கே. ஃபேமிலி ஆடியன்ஸ் சார்" என்றார். "எந்த வார்த்தை ஒரு மாதிரியா இருந்தது, சொல்லுங்க, அதை விட்டுடறேன்" என்றேன். பத்து செகண்ட் சத்தமே இல்லை. பிறகு, "வார்த்தை எதுவும் புரியல சார். ஆனா ஒரு மாதிரியாத்தான் இருந்தது" என்றார். அந்தப் பத்து செகண்டைப் பற்றித்தான் என் பேச்சு முழுவதும். அவருக்கு என் நன்றி.

இதை நான் எப்படிக் கேட்க நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். என் வீட்டம்மா காலமானது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் என்னைத் தனியாக விடக்கூடாது என்று என் மகள் இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லண்டனுக்கு மேற்கே, ரயிலில் அரை மணியில் போகக்கூடிய ரெடிங் என்கிற ஊர். மூன்றரை மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிக்கும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. சமையலறையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. பிபிசியில் ரேடியோ 4 எக்ஸ்ட்ரா என்று ஒரு அலைவரிசை, பழைய நாடகம், பழைய நகைச்சுவை எல்லாம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பேன். முப்பத்து நாலு வருஷம் வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான். என் இங்கிலீஷ் சர்க்குலர் படிக்கிற இங்கிலீஷ். அவர்கள் சிரிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது. எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனிப்பதே ஒரு வேலையாக இருந்தது.

அப்படிக் கேட்டதில் ஒன்றுதான் 'ரவுண்ட் த ஹார்ன்'. தென் அமெரிக்காவின் தென்கோடி முனைக்குக் கேப் ஹார்ன் என்று பெயர். அதைச் சுற்றிக் கப்பல் போவதை அப்படிச் சொல்வார்கள். நிகழ்ச்சியின் நாயகர் பெயர் கென்னத் ஹார்ன், அதனால் இந்தச் சிலேடை. 1965 மார்ச் 7-ஆம் தேதி தொடங்கி 1968 ஜூன் வரை நான்கு தொடர்களாக ஒலிபரப்பானது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. இந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் நேரம்.

கென்னத் ஹார்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அவரைப் பிடிக்கும். முழுநேர நடிகர் இல்லை. போர்க்காலத்தில் விமானப்படை அதிகாரி. பிறகு டிரிப்ளெக்ஸ் என்ற பாதுகாப்புக் கண்ணாடிக் கம்பெனியில் விற்பனைப் பொறுப்பு, அப்புறம் சாட் வேலி என்ற பொம்மைக் கம்பெனியின் தலைவர். வாரம் முழுக்கக் கம்பெனி மீட்டிங், ஓய்வு கிடைத்தால் ரேடியோ. 1958-இல் பக்கவாதம் வந்தது. பேச்சே போய்விட்டது. தேறி வந்தவர், கம்பெனி வேலைகளை விட்டுவிட்டு ரேடியோவை மட்டும் வைத்துக்கொண்டார். நாமாக இருந்தால் நேர்மாறாகச் செய்திருப்போம். அந்த வருஷமே 'பியாண்ட் அவர் கென்' என்ற நிகழ்ச்சி ஆரம்பித்து 1964 வரை ஓடியது. அதை எழுதியவர் விலகிக்கொண்டபோது பாரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன் என்ற இரண்டு பேர் எழுத வந்தார்கள். ஏறக்குறைய அதே நடிகர்கள், புதுப் பெயர். அதுதான் 'ரவுண்ட் த ஹார்ன்'. ஃபெல்ட்மனை நீங்கள் சினிமாவில் பார்த்திருக்கலாம். கண் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல இருக்கும்.

ஹார்ன் நடுவில் நிற்பார். வங்கி மேனேஜர் குரல். ஹியூ பேடிக், பெட்டி மார்ஸ்டன், பில் பெர்ட்வீ, கென்னத் வில்லியம்ஸ் நாலு பேரும் சுற்றி நின்று ஆளுக்குப் பத்து குரலில் பேசுவார்கள். இந்தக் கென்னத் வில்லியம்ஸ் போட்ட வேஷங்களில் ஒன்றுதான் ராம்ப்ளிங் சிட் ரம்போ. 'ராம்ப்ளிங்' என்றால் ஊர் ஊராகத் திரிகிறவர் என்றும் சொல்லலாம், தலைகால் இல்லாமல் வளவளவென்று பேசுகிறவர் என்றும் சொல்லலாம். இரண்டும் பொருந்தும். 'ரம்போ' என்ற பெயர், பின்பக்கத்தைக் குறிக்கிற ஒரு சொல்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

இவர் வருகிற பகுதி இரண்டு மூன்று நிமிடம்தான். ஹார்ன் மரியாதையாக அறிமுகப்படுத்துவார். சிட் கிராமத்து இழுவையில் வணக்கம் சொல்லி, இந்தப் பாட்டு எந்த ஊரில் வழங்குவது, எந்தத் தொழிலாளிகள் பாடுவது என்று விளக்கம் கொடுப்பார். அந்தத் தொழிலுக்கு ஒரு பெயர், அதில் பயன்படும் கருவிக்கு ஒரு பெயர், அந்தக் கருவியை என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு வினைச்சொல். எல்லாம் எழுதியவர்கள் தயாரித்தவை. பிறகு கிடார் ஒலிக்கும். மெட்டு மட்டும் நிஜம். எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு. ஒன்று கிளமன்டைன் மெட்டில் வரும், இன்னொன்று கப்பல்காரர்களின் குடிகார மாலுமி மெட்டில்.

நான் என்ன செய்தேன், வங்கிக்காரன் செய்வதைச் செய்தேன். ஒரு நோட்டில் சொற்களை எழுதினேன். நாட்ஜர், மூலி, நர்க்கர், போகிள், வாக்லர், கார்ட்வாங்லர். மறுநாள் ரெடிங் நூலகத்துக்குப் போய் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்ட்வாங்லர் இல்லை. ஆனால் பக்கத்திலேயே கார்ட்வெய்னர் இருக்கிறது. ஸ்பெயினில் கார்டோபா என்ற ஊர். அந்த ஊர்த் தோலில் காலணி தைப்பவருக்கு அந்தப் பெயர். லண்டனில் அவர்களுக்கு நூற்றாண்டுகளாகச் சங்கம்கூட இருக்கிறது. வாக்லர் இல்லை. வாகிள் இருக்கிறது. அது எனக்கே தெரிந்த பொருள். பள்ளியில் சாரணர் படையில் இருந்தபோது கழுத்துத் துணியைச் செருகுவதற்கு ஒரு வளையம் போடுவோமே, அதுதான். போகிள் அகராதியில் இருக்கிறது, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பேய் அது. ஆனால் பாட்டில் வருகிற போகிள் பேய் இல்லை என்று சத்தியம் செய்வேன். நாட்ஜர் என்று தேடினால், இப்போதைய கொச்சை அகராதிகளில் ஒரு அர்த்தம் கிடைக்கிறது. ஆண்கள் சம்பந்தப்பட்டது. போதும்.

ஆக, ஒவ்வொரு பொய்ச் சொல்லும் ஒரு நிஜச் சொல்லின் அருகில் நிற்கிறது. கேட்கிறவனுக்கு, இது ஏதோ பழைய தொழில்சொல், தாத்தா காலத்தில் இருந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை வருகிறது. மற்றதை அவன் மனசே பார்த்துக்கொள்கிறது.

உங்களுக்குப் புரியும்படி ஒரு உதாரணம். "எதிர்வீட்டுக்காரர் நேற்று ராத்திரி மொட்டை மாடியில் தன் டொமுக்கையைத் துவட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்" என்று நான் சொல்கிறேன். பாருங்கள், நாலாவது வரிசையில் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள்? டொமுக்கை என்று ஒரு சொல்லே கிடையாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது நான் உண்டாக்கியது. நான் எதுவும் தப்பாகச் சொல்லவில்லை. தப்பாக நினைத்தது நீங்கள். சிட் ரம்போவின் முழு வியாபாரமும் இதுதான்.

இதில் பிபிசிக்காரர்களுக்கு ஒரு சங்கடம். 1948-இல் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கென்று அவர்கள் ஒரு விதிப்புத்தகம் போட்டிருந்தார்கள். பச்சைப் புத்தகம் என்று பெயர். எதைப் பற்றியெல்லாம் ஜோக் அடிக்கக் கூடாது என்று பட்டியல். கழிவறை கூடாது. தேனிலவுத் தம்பதிகள் கூடாது. பெண்களின் உள்ளாடை கூடாது. முயல்களின் பழக்கவழக்கம் கூடாது. காமர்ஷியல் டிராவலர்கள்கூடக் கூடாது! அறுபதுகளில் பிடி தளர்ந்துவிட்டது என்றாலும், அந்தப் பட்டியலைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தான் எழுதுகிறவர்களும் கேட்கிறவர்களும். அந்தச் சமயத்தில்தான் மேரி வைட்ஹவுஸ் என்ற பள்ளி ஆசிரியை ஒலிபரப்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நாடு முழுக்க இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. குழந்தை காதில் என்ன விழுகிறது என்று கவலைப்படுவது தப்பில்லை. ஆனால் சிட் ரம்போ மேல் எதை எழுதிப் புகார் கொடுப்பது? வங்கியில் ஆடிட்டர் ஆட்சேபணை எழுத வேண்டுமென்றால் கையில் வவுச்சர் வேண்டும். இங்கே வவுச்சரே இல்லை. "மூலி என்ற சொல் ஆபாசம்" என்று எழுதினால், "அம்மா, மூலி என்றால் என்னவென்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று பதில் கடிதம் வந்துவிடும்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சுண்டல் வரக் கால் மணி ஆகும் என்று தகவல்.

1903-இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர், சாமர்செட் மாவட்டத்தில் ஹாம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குப் போயிருந்தார். அங்கே ஒரு தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டார். அந்தத் தோட்டக்காரர் பெயர் ஜான் இங்கிலாந்து. நான் கட்டிவிடவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர். அந்த ஒரு பாட்டில் ஷார்ப் விழுந்துவிட்டார். அதிலிருந்து 1924-இல் இறக்கும் வரை ஏறக்குறைய 5000 மெட்டுகளைக் கிழவர்கள், கிழவிகள், கொல்லர்கள், மாலுமிகளிடம் கேட்டு எழுதிவைத்தார். பெரிய தொண்டு. இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும்.

ஆனால் மக்கள் பாடுவது மக்கள் பாடுகிற மாதிரிதானே இருக்கும்? உழுகிறவன், நெய்கிறவன், மாவு அரைக்கிறவன், அவரவர் கருவியை வைத்து வேறு ஒன்றைச் சொல்லுவான். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஷார்ப் விக்டோரியா காலத்து மனிதர். அந்தப் பாட்டுகளைப் பள்ளிக்கூடங்களில் பாட வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதனால் அச்சில் போடும்போது சங்கடமான அடிகளைத் துடைத்து, மழுப்பி, மாற்றிப் போட்டார். ஒரு பாதிரியாரோடு சேர்ந்து 1906-இல் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பு போட்டார். குழந்தைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனால் கையெழுத்துப் பிரதியில் மட்டும் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவைத்திருந்தார். அந்த நேர்மைக்கு அவரைக் கும்பிட வேண்டும். அந்தக் கையெழுத்துப் பிரதிச் சொற்களை ஜேம்ஸ் ரீவ்ஸ் என்ற கவிஞர் 1958-இல்தான் புத்தகமாகப் போட்டார்.

அதாவது ஐம்பது வருஷம் இங்கிலாந்துக் குழந்தைகள் நாட்டுப்பாட்டு என்று பாடியது சலவை செய்த பாட்டு. மெட்டு கிராமத்தினுடையது, சொல் வாத்தியார் திருத்தியது. ஷார்ப் பாட்டிலிருந்து விரசத்தை எடுத்துவிட்டு அர்த்தத்தை விட்டுவைத்தார். டுக்கும் ஃபெல்ட்மனும் அர்த்தத்தை எடுத்துவிட்டு விரசத்தை விட்டுவைத்தார்கள். சின்ன வயசில் வகுப்பில் வரிசையாக நின்று அந்தச் சுத்தமான பாட்டைப் பாடியவர்கள்தான் 1965-இல் அப்பா அம்மாவாகி மேஜையில் உட்கார்ந்து சிட் ரம்போவைக் கேட்டார்கள். அவர்களுக்கு அந்த மெட்டைக் கேட்டதுமே வகுப்பறை ஞாபகம் வந்திருக்கும். அந்த வகுப்பில் கேட்க முடியாத கேள்வி ஒன்று நாற்பது வருஷம் கழித்து ரேடியோவில் வருகிறது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே நாட்டுப்பாட்டுக்கு ஒரு புது அலை வேறு அடித்தது. மதுக்கடைகளின் மாடி அறைகளில் பாட்டு கிளப்புகள். தாடி, கம்பளிச் சட்டை, சுருதி பிடிக்கக் காதில் ஒரு கை. பாட்டை விட முன்னுரை நீளம். இவான் மெக்கால் அதில் பெரிய தலை. அவருடைய நிஜப் பெயர் ஜிம்மி மில்லர், பிறந்தது மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபோர்டு. எவரும் அவரவர் ஊர் மொழிப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று தன் கிளப்பில் சட்டம் போட்டவர். சிட் ரம்போவின் நீள முன்னுரை இந்தக் கூட்டத்தைப் பார்த்து அடித்த கேலிதான். ஆனால் மெக்காலையும் நான் தேடிக் கேட்டேன். 1958-இல் பிபிசியில் அவர் செய்த 'ஜான் ஆக்ஸன் கதைப்பாட்டு' என்ற நிகழ்ச்சி, பிரேக் பிடிக்காமல் ஓடிய ரயிலை விட்டுக் குதிக்காமல் உயிரை விட்ட ஒரு டிரைவரைப் பற்றியது. ரயில்வேக்காரர்களின் சொந்தக் குரலையே பதிவு செய்து போட்டிருப்பார். கேட்டால் தொண்டை அடைக்கும். அதில் ரயில்வேக்காரர்கள் பேசும் தொழில்சொல்லும் பாதி எனக்குப் புரியவில்லை. அங்கே புரியாதபோது கண் கலங்கியது, இங்கே புரியாதபோது சிரித்தேன். நம்மூர்ப் பாட்டோடு ஒப்பிட்டுப் பேசச் சொல்லி பி பிளாக் மாமா கையைத் தூக்குகிறார். அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, மாமா.

பாடிய மனிதரிடம் வருகிறேன். கென்னத் வில்லியம்ஸ் 1926-இல் லண்டனில் பிறந்தார். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பையன் வரைபடம் வரையும் தொழில் கற்றுக்கொண்டான். 1944-இல் பதினெட்டு வயசில் பட்டாளத்தில் சேர்த்து, ராணுவப் பொறியாளர்களின் நில அளவைப் பிரிவில் போட்டு, நம் பக்கம்தான் அனுப்பினார்கள், இந்தியாவுக்கும் இலங்கைக்கும். போர் முடிந்ததும் சிங்கப்பூரில் படைவீரர்களுக்கான கேளிக்கைக் குழுவில் சேர்ந்தார். மேடை அங்கேதான் பிடித்துக்கொண்டது. பிற்பாடு 'கேரி ஆன்' என்ற சினிமா வரிசையில் இருபத்தாறு படங்களில் நடித்து ஊர் முழுக்கத் தெரிந்த முகமானார்.

வீட்டில் தனி ஆள். கல்யாணம் கிடையாது. சின்ன அபார்ட்மெண்ட், அடுத்த கதவில் அம்மா. வீட்டுக்கு வருகிறவர்களைக் கழிவறையைப் பயன்படுத்த விடமாட்டாராம். சின்ன வயசிலிருந்து கடைசி நாள் வரை நாட்குறிப்பு எழுதினார். 1993-இல் புத்தகமாக வந்தது. எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர் அதில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் ராத்திரி ரேடியோவை அணைத்துவிட்டு உட்காரத் தோன்றும். ஆண்களை நேசிக்கும் ஆண். அது அந்த நாட்டில் 1967 ஜூலை வரை சிறைக்குப் போகும் குற்றம். சட்டம் மாறியும் அவர் மாறவில்லை, மறைத்தே வாழ்ந்தார்.

இதே நிகழ்ச்சியில் அவரும் ஹியூ பேடிக்கும் சேர்ந்து ஜூலியன், சாண்டி என்று இரண்டு பாத்திரங்கள் செய்வார்கள். அவர்கள் பேசுவது போலாரி. நாடகக்காரர்கள், சர்க்கஸ்காரர்கள், மாலுமிகள் வழியாக வந்து, பிடிபட்டால் ஜெயில் என்று பயந்து வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியப் பாஷை. இத்தாலியச் சொற்கள் நிறைய. அது நிஜ பாஷை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. ஆனால் நாட்டில் பெரும்பாலோருக்குப் புரியாது. சிட் ரம்போ பேசுவது பொய்ப் பாஷை. ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் புரியும். ஒரே ஆள், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அரை மணிக்குள் இந்த இரண்டையும் செய்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறையவே இல்லை.

ரெடிங்கில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், என்னை விட நாலைந்து வயசு மூத்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருப்பார். அகராதி கைவிட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சொற்களை ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் கேட்டேன். முதல் சொல்லுக்கே முகம் சிவந்துவிட்டது. மூன்றாவது சொல்லில் துடைப்பத்தை வேலியில் சாய்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: அவருக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஞாயிறு மதியம், மேஜை மேல் வறுத்த இறைச்சி, உருளைக்கிழங்கு. அப்பா தலைமாட்டில். சிட் ரம்போ பாட ஆரம்பித்ததும் அப்பா தோள் குலுங்கச் சிரிப்பாராம். அம்மா சிரிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாராம். இவருக்கும் தங்கைக்கும் அடக்க முடியாத சிரிப்பு. பிள்ளைகளுக்குப் புரியவில்லை, வெறும் சத்தத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அப்பா அம்மா நினைத்துக்கொண்டார்கள். அப்பா அம்மா பழைய காலத்து ஆட்கள், அவர்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். "அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்த நேரம் வாரத்தில் அது ஒன்றுதான்" என்றார். அவருடைய அப்பா கடுமையான மனிதர் போலிருக்கிறது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

நான் சிரித்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. ராத்திரி ஒரு மணி. மறுபடி அந்தக் கார்ட்வாங்லர் பாட்டு. இந்த முறை எனக்குத் தேட வேண்டிய சொல் எதுவும் இல்லை என்று தெரியும், அதனால் நோட்டு கையில் இல்லை. கிளமன்டைன் மெட்டு வந்தது. சாரணர் முகாமில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் பாடிய மெட்டு. வாகிள் ஞாபகம் வந்தது, என் கழுத்தில் இருந்த அந்த வளையம். அவ்வளவுதான், வந்துவிட்டது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. மாடியிலிருந்து மகள் ஓடி வந்தாள். "அப்பா, என்னப்பா ஆச்சு? அழறீங்களா?" என்றாள். நான் ரேடியோவைக் காட்டினேன். பேச முடியவில்லை. அவளும் நின்று கேட்டாள். "இதுல என்னப்பா சிரிப்பு, ஒண்ணுமே புரியல" என்றாள். அப்புறம் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா போனதற்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி. கடைசியாக ஹார்னைப் பற்றி விட்ட இடத்தில் முடிக்க வேண்டும். சிட் ரம்போ இரட்டை அர்த்தத்தில் ஏதோ விளக்கும்போது ஹார்ன் எதுவும் நடக்காதது மாதிரி, கடன் மனுவைப் படிக்கிற மாதிரி, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தில்தான் பாதிச் சிரிப்பு. மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா மாதிரி ஒரு ஆள்.

1969 பிப்ரவரி 14. லண்டன் டார்செஸ்டர் ஓட்டலில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் விருது விழா. ஹார்ன்தான் தொகுத்து வழங்கினார். ஒரு விருது அவருடைய பழைய எழுத்தாளர்கள் பாரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன் இருவருக்கும், அவர்கள் செய்த தொலைக்காட்சித் தொடருக்காக. அது முடிந்த கொஞ்ச நேரத்தில், மேடையிலேயே மாரடைப்பு வந்து விழுந்தார். வயது அறுபத்தொன்று. 'ரவுண்ட் த ஹார்ன்' ஐந்தாவது தொடருக்கு எல்லாம் தயாராக இருந்தது. அவர் இல்லாமல் அதை நடத்த முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். வில்லியம்ஸை நடுவில் வைத்து வேறு பெயரில் ஒரு நிகழ்ச்சி தொடங்கிப் பார்த்தார்கள். 1970-ஐத் தாண்டவில்லை. வில்லியம்ஸின் திறமை எதுவும் குறைந்துவிடவில்லை. எல்லோரும் விஷமக்காரர்களாக இருக்கும் மேடையில், புரியாத மாதிரி நிற்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

வில்லியம்ஸ் 1988 ஏப்ரலில் இறந்தார். சிட் ரம்போ பாட்டுகளைத் தனி இசைத்தட்டாகவும் அவர் பதிவு செய்திருக்கிறார், இப்போதும் கிடைக்கிறது.

சுண்டல் வந்துவிட்டது, வாசனை தெரிகிறது. நம் டி பிளாக் தம்பி ஸ்பீக்கரோடு தயாராக இருக்கிறார். மூன்று நிமிடப் பாட்டு ஒன்று போடுவார். கலை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஐயா முன் வரிசையில் வந்து உட்கார வேண்டும். குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டாம். எந்த வார்த்தையாவது ஒரு மாதிரியாக இருந்தால் அதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுங்கள். தம்பி, போடுப்பா.